கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது வாயசைவும் பேச்சும் விலகுவது ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அக்காவின் கல்யாணம் 1992இல் நடந்தது. அந்த வி.எச்.எஸ். கேசட்டைப் பல வருடம் கழித்து ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கினோம். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முகூர்த்தம் வரும்போது தாலி கட்டி முடிந்துவிட்டது, கெட்டிமேளம் அப்புறம்தான் வந்தது. அப்பா வாயை மூடிய பிறகு அவர் குரல் கேட்டது. அப்பா இப்போது இல்லை. அவர் பேசியது பதிவாகியிருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். அதனால் ஒரு பழைய டெக்கைத் தேடி வாங்கி, இந்த வேலையை நானே கற்றுக்கொண்டேன். இப்போது சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலரின் கேசட்டுகளை ஏற்றிக் கொடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

எவ்வளவு விலகினால் பார்ப்பவருக்குத் தெரியும்?

ஒலி முந்தி வந்தால் சட்டென்று தெரிந்துவிடும். பிந்தி வந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்வோம். நிஜ வாழ்க்கையிலும் ஒலி எப்போதும் காட்சிக்குப் பின்னால்தான் வருகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். 34 மீட்டர் தள்ளி ஒருவர் தவில் வாசித்தால், குச்சி தோலில் படுவதைப் பார்த்து 100 மில்லிவிநாடி கழித்தே அடி காதில் விழும். இதற்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம். ஒலி காட்சியை முந்துவது இயற்கையில் நடக்காத ஒன்று, அதனால்தான் அது உறுத்துகிறது.

ஒளிபரப்புத் துறைக்கு இதில் அளவுகள் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி சுமார் 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோ மனிதர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் இன்னும் கறார்: 40 முந்தலாம், 60 பிந்தலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவான கேசட்டுகள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை, விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள். அதாவது ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. நான் வைத்துக்கொள்ளும் இலக்கு ஒரு ஃபிரேம்தான்.

கேசட் பழசாகிவிட்டதால் உள்ளேயே ஒலி நகர்ந்திருக்குமா?

நகராது. ஒலியும் படமும் ஒரே நாடாவில்தான் இருக்கின்றன. இருபது, முப்பது வருடம் பீரோவில் கிடந்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று ஓடிப்போக வழியில்லை.

இதில் ஒரு வியப்பான சங்கதி உண்டு. வி.எச்.எஸ். நாடாவில் படத்தை எழுதுவது சுழலும் டிரம்மில் உள்ள ஹெட்டுகள். சாதாரண ஒலித்தடத்தை எழுதுவது சுமார் 79 மில்லிமீட்டர் தள்ளி, அசையாமல் நிற்கும் வேறொரு ஹெட். பால் வி.எச்.எஸ். நாடா விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஆக, ஒரே கணத்தின் படமும் ஒலியும் நாடாவில் சுமார் 3.4 விநாடி இடைவெளியில் எழுதப்பட்டிருக்கின்றன! ஓட்டும்போது அதே இடைவெளியில் ஹெட்டுகள் இருப்பதால் இரண்டும் ஒரே கணத்தில் வெளிவருகின்றன. டெக்கில் அந்தத் தூரம் 1 மில்லிமீட்டர் தவறினாலும் விலகல் ஒரு ஃபிரேம் அளவுதான். ஹைஃபை ஒலி உள்ள கேசட்டில் ஒலியையும் டிரம்மே எழுதுவதால் அதுவும் இல்லை.

டெக்கை நேரே டிவியில் இணைத்துப் பாருங்கள். அங்கே சரியாக இருந்து கணினிக் கோப்பில் விலகினால் தவறு ஏற்றிய முறையில் இருக்கிறது. கேசட்டை மறுபடி ஏற்றினால் சரியாகும். எனக்கு அன்று பெரிய நிம்மதி தந்த செய்தி இதுதான்.

பிறகு எங்கேதான் விலகுகிறது?

டெக்கிலிருந்து மஞ்சள் ஒயரில் படமும், சிவப்பு–வெள்ளை ஒயர்களில் ஒலியும் தனித்தனியாகப் புறப்படுகின்றன. கணினிக்குள் போனதும் படத்தை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணுகிறார்கள், ஒலியைத் துளித்துளியாக எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 90,000 ஃபிரேம். 48 கிலோஹெர்ட்ஸில் ஒலி மாதிரிகள் 17 கோடியே 28 லட்சம். இந்த இரண்டு கணக்கும் கடைசிவரை ஒத்துப்போனால்தான் உதடும் பேச்சும் சேரும்.

ஆனால் எண்ணுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். டெக்கின் டிரம் விநாடிக்கு 25 சுற்று சுற்ற, டெக்குக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் தாளம் போடுகிறது. ஒலியை எண்ண, டெக்கிலிருந்து வருவதைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கருவியிலோ சவுண்ட் கார்டிலோ இன்னொரு படிகம். கணினிக்குத் தனியாக ஒரு கடிகாரம். ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகுவது சாதாரணம். இரண்டு படிகங்கள் எதிரெதிர் திசையில் பிசகினால் வித்தியாசம் பத்து லட்சத்தில் 100. கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது 0.36 விநாடி, 3 மணி நேரக் கேசட்டில் ஒரு விநாடிக்கும் மேல். அக்கா கல்யாணத்தின் ஆரம்பம் சரியாக இருந்து முகூர்த்தத்தில் கெட்டுப்போனது இந்த மாதிரிதான்.

என் கோப்பில் இருக்கும் பிழை எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். வகை தெரியாமல் திருத்த உட்காருகிறவர்கள்தான் நாள்கணக்கில் அவதிப்படுகிறார்கள். தொடக்கத்தில் ஒலியை இழுத்துச் சரிசெய்வார்கள், நடுவில் கெடும். நடுவில் சரிசெய்தால் தொடக்கம் கெடும்.

கோப்பின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் விலகலை அளந்து தாளில் எழுதுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு என்றால் அது நிலையான விலகல். படமோ ஒலியோ வழியில் ஏதோ ஒரு பெட்டியில் தாமதமாகியிருக்கிறது. இதைத் திருத்துவது மிக எளிது.

தொடக்கத்தில் 0, ஒரு மணி நேரத்தில் 0.6 விநாடி, இரண்டு மணி நேரத்தில் 1.2 விநாடி என்று சீராக ஏறினால் அது கடிகாரங்கள் விலகுவது. நாங்கள் இதை 'டிரிஃப்ட்' என்போம். இதுவும் திருத்தக்கூடியதே.

மூன்றாவதுதான் தொல்லை. 40 நிமிடம்வரை சுத்தமாக இருக்கும், ஓர் இடத்தில் படம் துள்ளும், அதற்குப் பிறகு ஒலி அரை விநாடி தள்ளிப்போய் அப்படியே நிற்கும். இன்னொரு இடத்தில் மறுபடி ஒரு தாவல். ஃபிரேம்கள் விழுந்திருக்கின்றன என்று பொருள். ஒரு ஃபிரேம் விழுந்தால் 40 மில்லிவிநாடி, 25 ஃபிரேம் விழுந்தால் முழுதாக ஒரு விநாடி. படம் குறைந்துபோவதால் அது முன்னே ஓடும், ஒலி பின்தங்கும்.

மூன்று இடம் போதாமல் சந்தேகம் வந்தால் பத்து நிமிடத்துக்கு ஓர் இடம் பாருங்கள். நேர்கோடாக ஏறுகிறதா, படிக்கட்டாக ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் படத்தின் நீளமும் ஒலியின் நீளமும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் வேறுபட்டால் டிரிஃப்டோ ஃபிரேம் இழப்போ இருக்கிறது.

அளக்க எந்தக் காட்சியைப் பிடிப்பது?

உதடு ஒட்டும் எழுத்துகளைத் தேடுங்கள். ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டாமல் ஒலி வராது. கல்யாணக் கேசட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. "அப்பா", "அம்மா", "மாமா" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். 'அப்பா'வில் உதடு மூடி ஒலி முற்றாக நின்று மறுபடி வெடிக்கும். அந்த ஒரு ஃபிரேமையும் ஒலி அலைவரைவில் அந்த வெடிப்பையும் பக்கத்தில் வைத்தால் விலகல் எத்தனை மில்லிவிநாடி என்று எண்ணிவிடலாம்.

அடுத்தது தவில். இடப்பக்கத்துத் தோலில் குச்சி படும் கணம் தெளிவாகத் தெரியும். தேங்காய் உடைப்பது, கைதட்டுவது, பாத்திரம் கீழே விழுவது எல்லாம் நல்லவை. வெடி வேண்டாம், அது எவ்வளவு தூரத்தில் வெடித்தது என்று நமக்குத் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் பல இடங்களில் நேரடி ஒலியை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார்கள். மாலை மாற்றும் காட்சி, வரவேற்பு, பெண்ணும் மாப்பிள்ளையும் பூங்காவில் நடப்பது எல்லாம் அப்படித்தான். அந்த இடங்களில் ஒத்திசைவு என்று ஒன்று முதலிலேயே கிடையாது. அங்கே அளந்து குழம்பாதீர்கள். நேரடிப் பேச்சு வரும் இடமாகப் பாருங்கள்.

ப்ளூடூத் ஹெட்போனில் பார்க்கும்போது எல்லாக் கோப்பும் விலகித் தெரிகிறதே?

ப்ளூடூத்தின் தாமதம் அது. அளக்கும்போது ஒயர் உள்ள ஹெட்போனைப் போடுங்கள். பெரிய டிவியும் படத்தை மெருகேற்றும் வேலையில் தாமதப்படுத்தும், அதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம்.

ஃபிரேம்கள் ஏன் விழுகின்றன?

இரண்டு பக்கமும் காரணம் இருக்கலாம்: கேசட் பக்கம், கணினி பக்கம்.

கேசட் பக்கத்தைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. டிவி படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல ஒரு துடிப்பு உண்டு. பால் முறையில் விநாடிக்கு 15,625 வரி. நாடா இழுபட்டிருந்தாலோ ஹெட் அழுக்காக இருந்தாலோ இந்தத் துடிப்புகள் தள்ளாடும். பழைய குழாய் டிவி அதைச் சகித்துக்கொண்டு படம் காட்டும். கேப்சர் கருவி அப்படியில்லை. துடிப்பு தவறினால் அந்த ஃபிரேமையே கொடுக்காமல் விட்டுவிடும். ஒலியோ பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். கேமராவை நிறுத்தி மறுபடி ஆரம்பித்த இடங்கள், இரண்டு பதிவுகளுக்கு நடுவே புள்ளிப்புள்ளியாக மினுங்கும் இடங்கள், கடையில் ஒட்டுச் சேர்த்த இடங்கள் எல்லாம் ஆபத்தான இடங்கள். கல்யாணக் கேசட்டில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். மூன்றாம் பிரதி, நான்காம் பிரதி என்றால் இன்னும் மோசம். மாப்பிள்ளை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ மூலக் கேசட் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கணினி பக்கம்: சுருக்காத 720×576 படம் விநாடிக்கு ஏறத்தாழ 20.7 மெகாபைட், மணிக்கு 75 ஜிகாபைட். ஹஃப்ஒய்யுவி, யூடி வீடியோ போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் அதில் பாதி அளவுக்கு வரும். இந்த வெள்ளம் ஒரு நொடியும் தடைபடாமல் வட்டில் இறங்க வேண்டும். யூஎஸ்பி பிரிப்பானில் நான்கு சாதனம் தொங்கினால், நடுவில் வைரஸ் சோதனை ஓடினால், லேப்டாப் மின்சேமிப்புக்குப் போனால் ஃபிரேம் விழும். கேப்சர் கருவியை நேரே கணினியின் யூஎஸ்பி துளையில் செருகுங்கள். சார்ஜரை மாட்டி, இணையத்தைத் துண்டித்து, கோப்பு எஸ்எஸ்டியில் இறங்கும்படி வைத்து, படம் ஓடும் மூன்று மணி நேரமும் கணினியைத் தொடாமல் இருங்கள்.

டிபிசி, டிபிசி என்கிறார்களே, அது என்ன? அவசியமா?

'டைம் பேஸ் கரெக்டர்' என்பதன் சுருக்கம். தள்ளாடி வரும் வரிகளை நினைவகத்தில் பிடித்து, ஒழுங்கான தாளத்தில் வெளியே அனுப்பும் கருவி. இரண்டு வகை உண்டு. சில உயர்தர டெக்குகளுக்குள் இருக்கும் வரி டிபிசி படத்தின் நெளிவை நேராக்கும். முழு ஃபிரேம் டிபிசி துடிப்புகளையே புதிதாக உருவாக்கித் தரும். கேசட்டில் சமிக்ஞை அறுந்தாலும் கணினிக்கு ஃபிரேம் தொடர்ந்து போகும். ஒத்திசைவுக்கு உதவுவது முக்கியமாக இந்த இரண்டாவது வகை.

டேட்டாவீடியோ டிபிசி-1000 போன்ற தனிக் கருவிகள் இப்போது கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். நடுத்தரக் குடும்பத்துக்கு நான் சொல்லும் வழி பழைய டிவிடி ரெக்கார்டர். டெக்கிலிருந்து வரும் ஒயரை அதற்குள் விட்டு, அதன் வெளியீட்டைக் கேப்சர் கருவிக்குக் கொடுங்கள். டிவிடியில் பதிவு செய்யத் தேவையில்லை, சமிக்ஞை அதன் வழியாகப் போனால் போதும். பேனசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இந்த வேலைக்குப் பெயர்பெற்றவை. எல்லா ரெக்கார்டரும் இப்படி உதவாது, சோதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதில் மறக்கக்கூடாத ஒன்று: இப்படிப்பட்ட பெட்டி படத்தை ஒரு ஃபிரேமாவது தாமதப்படுத்தும். படத்தை மட்டும் அதன் வழியே விட்டு, ஒலியை டெக்கிலிருந்து நேரே கணினிக்கு எடுத்தால் ஒலி முந்தும். முந்துவதுதான் நமக்கு உறுத்தும் என்று மேலே பார்த்தோம். ஒலி வாங்கும் வசதி உள்ள பெட்டியானால் மூன்று ஒயரையும் சேர்த்தே அதன் வழியே விடுங்கள்.

எந்தக் கேப்சர் கருவி ஒத்திசைவைக் காப்பாற்றும்?

ஒலியையும் படத்தையும் ஒரே கருவி ஒரே தாளத்தில் எண்ணினால் பாதிப் பிரச்சினை பிறக்கவே பிறக்காது. கனோபஸ் ஏடிவிசி-110 போன்ற டிஜிட்டல் வீடியோ (DV) மாற்றிகளை அந்தக் காரணத்தால்தான் விரும்பினார்கள். அதில் ஒலி படத்தோடு பூட்டப்பட்டிருக்கும். பால் முறையில் ஒரு ஃபிரேமுக்கு மிகச் சரியாக 1,920 ஒலி மாதிரிகள். ஃபிரேமும் ஒலியும் ஒரே பொட்டலமாக வருவதால் டிரிஃப்ட் என்ற பேச்சே இல்லை. சோனியின் டிஜிட்டல்8 கேமராக்களில் வெளியிலிருந்து வரும் அனலாக் சமிக்ஞையை டிஜிட்டல் வீடியோவாக மாற்றி அனுப்பும் வசதி சில மாடல்களில் உண்டு. வீட்டில் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி ஒன்று தேவைப்படும், மணிக்குச் சுமார் 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும்.

ஹாப்பாஜ் பிவிஆர்-150 போல, கார்டிலேயே எம்பெக்-2 ஆக மாற்றும் பழைய கார்டுகளும் ஒத்திசைவில் நல்லவை. படத்தின் தரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஈசிகேப் என்ற பெயரில் விற்கும் சின்னக் குச்சிகள் ஒரே கருவி அல்ல. ஒரே தோற்றத்துக்குள் சின்டெக், எம்பியா, சோமேஜிக், ஃபுஷிகாய் என்று வேறு வேறு சில்லு இருக்கும். ஒருவருக்கு அருமையாக வேலை செய்தது உங்களுக்குச் செய்யாமல் போவது அதனால்தான். வாங்கியிருந்தால் தூக்கிப்போட வேண்டாம், கீழே சொல்லும் சோதனையைச் செய்து பாருங்கள். மஞ்சள்–சிவப்பு–வெள்ளையை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவுப் பெட்டிகளை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 25 ஃபிரேம் படத்தை 60க்கு இழுத்து, ஃபிரேம்களை இஷ்டத்துக்கு இரட்டிப்பாக்கிவிடும். கல்யாண மண்டபத்தில் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகள் எல்லாம் திக்கித் திக்கி நகரும்.

2000களில் வந்த டிவி டியூனர் கார்டு வைத்திருப்பவர்களுக்கு: பலவற்றில் படம் கார்டுக்கும் ஒலி தனி ஒயரில் சவுண்ட் கார்டுக்கும் போகும். இரண்டு கடிகாரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

என் கருவி நம்பத்தகுந்ததா என்று முன்கூட்டியே சோதிக்க முடியுமா?

முடியும், சோதிக்கவும் வேண்டும். முக்கியமில்லாத ஒரு கேசட்டில், பதிவு செய்யும் டெக்கோ கேம்கார்டரோ கொண்டு நீங்களே ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமரா முன் நின்று ஓங்கிக் கைதட்டுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள். அந்தக் கேசட்டை வழக்கமான ஒயர் இணைப்பில் ஏற்றி ஒவ்வொரு தட்டையும் அளந்தால், உங்கள் அமைப்பின் நிலையான விலகல் எவ்வளவு, மணிக்கு டிரிஃப்ட் எவ்வளவு என்று இரண்டு எண் கிடைக்கும். என்னுடைய எண்களை எழுதி டெக்கின் மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். அறிமுகமில்லாத ஒருவரின் கேசட் வந்தாலும் எவ்வளவு திருத்த வேண்டும் என்று முதலிலேயே தெரியும்.

மென்பொருளில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 44.1 சிடிக்கு உரியது, வீடியோவில் அதனால் குழப்பம்தான். ஒலி உள்ளீடாகக் கேப்சர் கருவியையே தேர்ந்தெடுங்கள். லேப்டாப் மைக் தேர்வாகியிருந்து, வீட்டுக் குக்கர் விசில் கல்யாணத்தில் பதிவான கதையும் உண்டு. பால் முறையா என்று பாருங்கள், ஃபிரேம் விகிதம் 25.

ஏவரி லீ எழுதிய வெர்ச்சுவல்டப் இன்றும் இதற்கு நல்ல மென்பொருள். இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே இடைவெளி கூடினால் வெற்று ஃபிரேம் ஒன்றைச் செருகும் தெரிவு அதில் உண்டு. அதை இயக்கிவையுங்கள். விழுந்த ஃபிரேமின் இடத்தில் முந்தைய ஃபிரேம் இன்னொரு முறை காட்டப்படும், நேரம் காப்பாற்றப்படும். ஒலியைப் படத்தின் வேகத்துக்கு ஏற்ப நீட்டிச் சுருக்கி டிரிஃப்டைச் சரிக்கட்டும் தெரிவும் உண்டு. நல்ல நிலையில் உள்ள கேசட்டுக்கு அது கைகொடுக்கும். சமிக்ஞை அடிக்கடி அறுகிற கேசட்டில் அது தவறாகக் கணித்து ஒலியை இழுத்துவிடும். அப்படிப்பட்ட கேசட்டில் அதை நிறுத்திவிட்டு, பின்னால் கையால் திருத்துவதே மேல். ஓடும்போது விழுந்தவை, செருகியவை எத்தனை என்று திரையில் எண்ணிக்கை காட்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று என்றால் கவலையில்லை. நிமிடத்துக்குப் பத்து என்று ஏறினால் நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் ஃபிரேம் விகிதத்தை 25 அல்லது 50 ஆக மாற்றாமல் தொடங்காதீர்கள். அது தன் கடிகாரத்துக்கு ஏற்பவே பதிவு செய்வதால் ஒலி பெரிதாக விலகாது. நிலையான விலகல் இருந்தால் ஒலி அமைப்புகளில் மில்லிவிநாடிக் கணக்கில் தள்ளிவைக்க இடம் உண்டு.

எந்த மென்பொருளாலும் டிரிஃப்டை அடக்க முடியவில்லையா? கேசட்டை 20 நிமிடத் துண்டுகளாக ஏற்றுங்கள். ஒவ்வொரு துண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் விலகல் கண்ணில் படும் அளவுக்கு வளராது.

அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பிய கேசட்டில் மட்டும் ஒலி மணிக்கு 3.6 விநாடி விலகுகிறது. ஏன்?

இவ்வளவு துல்லியமாக 3.6 என்றால் காரணமும் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. அமெரிக்கா, கனடாவில் என்டிஎஸ்சி முறை. அதன் விகிதம் 30 அல்ல, 30,000ஐ 1,001ஆல் வகுத்தால் வரும் 29.97. வண்ணத்தைச் சேர்த்தபோது ஏற்பட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இது. 29.97இல் வந்த படத்தைக் கோப்பு 30 என்று எழுதிக்கொண்டால் படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும், 3,600 விநாடிக்கு 3.6 விநாடி. கோப்பின் ஃபிரேம் விகிதத்தை 29.97 என்று திருத்தினாலே போதும், ஒலியைத் தொடவே வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ கொண்டுவந்த மல்ட்டி சிஸ்டம் டெக்குகள் என்டிஎஸ்சி கேசட்டை ஓட்டும். ஆனால் சில டெக்குகள் வண்ணத்தை மட்டும் பாலுக்கு மாற்றி, வரிகளை என்டிஎஸ்சி கணக்கிலேயே விட்டுவிடும். கேப்சர் மென்பொருளில் பால்-60 என்ற தெரிவைத் தேடுங்கள். பாரிஸ் சொந்தக்காரர்களின் கேசட் செகாம் முறையாக இருக்கலாம். அதில் வண்ணம்தான் சிக்கல். விநாடிக்கு 25 ஃபிரேம் என்பது பாலைப் போலவே, ஒத்திசைவுக் கணக்கு மாறாது.

ஏற்கெனவே ஏற்றிய கோப்பு விலகியிருக்கிறது. கேசட் இப்போது கையில் இல்லை. என்ன செய்யலாம்?

படத்தைத் தொடாதீர்கள், ஒலியை மட்டும் திருத்துங்கள். படத்தை நீட்டினால் ஃபிரேம் கூட்டவோ குறைக்கவோ வேண்டிவரும், மறுபடி சுருக்கும்போது தரமும் போகும்.

நிலையான விலகல் என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒலித்தடத்தைத் தேர்ந்து, தாமதத்தை மில்லிவிநாடியில் கொடுத்துப் புதுக் கோப்பாகச் சேமியுங்கள். ஒலி முந்தினால் கூட்டல், பிந்தினால் கழித்தல். சரியான எண்ணைக் கண்டுபிடிக்க விஎல்சியில் ஜே, கே விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் 50 மில்லிவிநாடி நகரும்.

டிரிஃப்ட் என்றால் ஒலியின் மொத்த நீளத்தை மாற்ற வேண்டும். இரண்டு மணி நேர முடிவில் ஒலி 1.2 விநாடி பிந்துகிறது என்று வையுங்கள். 7,200 விநாடியில் முடிய வேண்டிய ஒலி 7,201.2 விநாடி எடுக்கிறது. ஒடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தை 7,201.2 / 7,200 என்ற விகிதத்தில், அதாவது 1.000167 மடங்கு கூட்டினால் கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். எம்கேவிடூல்நிக்ஸிலும் நீட்சி விகிதம் கொடுக்கும் இடம் இருக்கிறது.

படிக்கட்டு விலகலுக்குக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு தாவலையும் தேடி, அந்த இடத்தில் ஒலியை வெட்டி, விழுந்த ஃபிரேம்களின் அளவுக்கு ஒலியைக் கழிக்க வேண்டும். அமைதியான இடமாகப் பார்த்து வெட்டினால் காதில் உறுத்தாது. மூன்று நான்கு தாவல் என்றால் ஒரு மாலையில் முடித்துவிடலாம். நாற்பது தாவல் என்றால், கேசட்டை யாரிடம் கொடுத்தீர்களோ அவரைத் தேடிப்போய் வாங்கி மறுபடி ஏற்றுவதே குறைந்த வேலை.

வேகத்தை மாற்றினால் நாதஸ்வரத்தின் சுருதி மாறாதா?

பத்தாயிரத்தில் இரண்டு பங்கு மாற்றம் சுருதியில் அரை சென்ட்கூட இல்லை. பக்கத்துச் சுரத்துக்குப் போக 100 சென்ட் தேவை. எந்த வித்வானின் காதுக்கும் தெரியாது. அதே சமயம் "சுருதி மாறாமல் வேகம் மட்டும்" என்ற தெரிவைத் தொடாதீர்கள். அது ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும் முறை. தவிலின் கூர்மை மழுங்கிவிடும்.

ஏற்றியபோது சரியாக இருந்தது, எடிட் செய்து அனுப்பிய பிறகு விலகிவிட்டது. எப்படி?

பெரும்பாலும் மாறும் ஃபிரேம் விகிதம்தான் காரணம். சில மென்பொருள்கள் ஃபிரேம் விழுந்த இடங்களில் நேரக்குறிப்பை மட்டும் எழுதிவிட்டு எம்பி4 ஆக்கும். பிளேயர் அதைப் படித்துச் சரியாக ஓட்டும். எடிட்டிங் மென்பொருளோ எல்லா ஃபிரேமும் ஒரே இடைவெளி என்று எண்ணிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றி மென்பொருளில் கோப்பைக் கொடுத்து, நிலையான விகிதம் 25 என்று தேர்ந்து மாற்றிய பிறகு எடிட் செய்யுங்கள். ஒவ்வொரு ஃபிரேமின் ஒற்றை, இரட்டை வரிகளைத் தனிப்படங்களாகப் பிரித்து (இடைவரி நீக்கம்) 50 ஃபிரேம் ஆக்குவதால் ஒத்திசைவுக்குக் கெடுதல் இல்லை, நீளம் அதேதான்.

கேசட்டில் வெள்ளையாகப் பூசணம் தெரிகிறது. ஓட்டலாமா?

வேண்டாம். நாடா அறுந்துபோகலாம். பூசணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டையும் பாதிக்கும். ஒத்திசைவின் கண்ணோட்டத்தில் சொன்னால், அழுக்கான ஹெட் சமிக்ஞையை நொடிக்கு நொடி அறுக்கும், ஃபிரேம் கொத்துக் கொத்தாக விழும். முதலில் நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கடற்கரை ஊர்க் கேசட்டுகளில் இதை நிறையப் பார்க்கிறேன்.

கடையில் கொடுத்தால் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

டிவிடி மட்டும் போதாது, ஏற்றிய மூலக் கோப்பையும் பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ தரச் சொல்லுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், படம் 720×576, 25 ஃபிரேம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கும்போது அங்கேயே கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். எல்லோரும் முதல் நிமிடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறார்கள், விலகல் கடைசியில்தான் இருக்கும். கேசட்டைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள். ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.எச்.எஸ். டெக் செய்வதை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் உள்ள டெக்குகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன, கேசட் உங்கள் கையில் இருந்தால்தான் இன்னொரு முறை ஏற்ற முடியும்.

அக்கா கல்யாணக் கேசட்டை டிவிடி ரெக்கார்டர் வழியாக மறுபடி ஏற்றினேன். மூன்று மணி நேரத்தில் செருகிய ஃபிரேம் நான்கு. கன்னிகாதானத்தில் அப்பா, "கேமராக்காரத் தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்கிறார். 'தம்பி'யில் உதடு ஒட்டும் அதே ஃபிரேமில் அவர் குரல் நிற்கிறது.